துரத்தும் படகுக்குப் பொறுப்பு முத்திரை

அனுப்புநர்:
பீ. ரமாபாய்,
ரயில்வே முன்பதிவு எழுத்தர்,
வியாசர்பாடி, சென்னை – 39.

பெறுநர்:
அங்கீகார அலுவலர் அவர்கள்,
கடலுலா உரிமம் மற்றும் அங்கீகாரப் பிரிவு,
இராயபுரம், சென்னை – 13.

பொருள்: எண்ணூர்க் கடலில் திமிங்கலத்தையும் அதன் கன்றையும் துரத்திய 'நீலமூச்சு கடலுலா' நிறுவனத்திற்குத் தங்கள் பிரிவு வழங்கிய 'பொறுப்பான கடலுலா' முத்திரையைத் திரும்பப் பெறவும், படகை நிறுத்திய என்மீது பிறப்பிக்கப்பட்ட குறிப்பாணையை ரத்து செய்யவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் குறிப்பாணை, நாள் 24.02.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பார்வையில் கண்ட குறிப்பாணை கிடைக்கப்பெற்றேன். 'பொறுப்பான கடலுலாவுக்கு இடையூறு விளைவித்தவர்' என்று அதில் என்னைக் குறிப்பிட்டுள்ளீர்கள். அந்த வாக்கியத்தில் 'பொறுப்பான' என்ற சொல்லைத் தட்டச்சு செய்தவர் அப்படகில் ஒருமுறையேனும் ஏறியிருப்பாரா என்ற ஐயம் எனக்கு உண்டு. ஏறியிருக்க மாட்டார் என்ற நம்பிக்கையில், நடந்ததை முதலிலிருந்து தங்கள் மேலான கவனத்திற்குக் கொண்டுவருகிறேன்.

2. நான் பெரம்பூரில் ரயில்வே முன்பதிவு முகப்பில் பணிபுரிகிறேன். பயணிகளுக்கு இருக்கை ஒதுக்குவது என் தொழில். நிற்காத நிலையத்தில் வண்டி நிற்கும் என்று சொல்லி இதுநாள்வரை யாருக்கும் பயணச்சீட்டு கொடுத்ததில்லை. காத்திருப்போர் பட்டியலில் இருப்பவரிடம் 'நூறு சதவீதம் உத்தரவாதம்' என்று சொன்னால் என் மேலதிகாரி அன்று மாலையே என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். தண்டவாளத்தில் ஓடும் வண்டிக்கே இவ்வளவு கட்டுப்பாடு. கடலில் தன் விருப்பத்துக்கு நீந்தும் விலங்கை உத்தரவாதத்தோடு விற்பவருக்கு மட்டும் தங்கள் பிரிவு பச்சை நிறத்தில் முத்திரை தருகிறது.

3. என் பக்கத்து முகப்பில் பணிபுரிபவர் திருமதி ரூத். அவருடைய கணவர் திரு. வால்டர் இராயபுரத்துக்காரர், துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் இழுவைப்படகில் வேலை பார்த்தவர். சர்க்கரை நோயால் இரு கண்களிலும் பார்வையை இழந்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழை மூடிய ஒரு காலையில், அவர்களுடைய இழுவைப்படகு என்ஜின் கோளாறாகி அலைத்தடுப்புச் சுவருக்கு வெளியே நின்றுவிட்டதாம். அப்போது படகுக்கு மிக அருகில் ஒரு திமிங்கலம் மேலே வந்து மூச்சு விட்டுப் போயிருக்கிறது. மழையில் உருவம் தெரியவில்லை, சத்தம் மட்டும். "யாரோ பெரிய ஆளு நம்ப பக்கத்துல நின்னுகினு பெருமூச்சு வுட்ட மாரி இருந்திச்சி" என்று வால்டர் அண்ணன் சொல்வார். கூட இருந்தவர்கள் அது அலைச் சத்தம் என்று சிரித்திருக்கிறார்கள். பார்வை போன பிறகு அவர் வெளியே வருவதையே நிறுத்திக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வருவார், அவ்வளவுதான். சென்ற கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று ரூத்தக்கா கேட்டபோது, "அந்த மூச்ச இன்னொரு தபா கேக்கணும்" என்றாராம். சட்டைத் துணி கேட்பார் என்று எதிர்பார்த்திருந்த ரூத்தக்கா அடுத்த வேலைநாளில் என்னிடம் வந்து, "ரமா, என்ஜின நிறுத்துற படகா ஒண்ணு பாத்துக் குடு. அந்த மனுஷன் பாக்கப் போறதில்ல, கேக்கப் போறாரு. சத்தம் போடுற படகு வேணாம்" என்று கேட்டுக்கொண்டார். நான் தேடத் தொடங்கியது இப்படித்தான்.

4. திமிங்கலம் காட்டுகிறோம் என்று சொல்பவர்கள் இந்தக் கரையில் இத்தனை பேர் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. ஒருவர் படகில் டிஜே உண்டு என்றார். இன்னொருவர் டால்பின் முதுகைத் தொட ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். "தொட்டா லக்கு மேடம்" என்று காரணமும் சொன்னார். நான் எல்லோரிடமும் கேட்டது ஒரே கேள்விகளைத்தான். எவ்வளவு தூரத்தில் நிற்பீர்கள், என்ஜினை நிறுத்துவீர்களா, அது விலகிப் போனால் பின்னாலேயே போவீர்களா, கன்றோடு இருந்தால் என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் கேள்வி முடிவதற்குள் மதியச் சாப்பாட்டில் இறால் உண்டு என்று சொல்லத் தொடங்கினார்கள்.

திருவொற்றியூரைச் சேர்ந்த திரு. டில்லிபாபு என்ற படகுக்காரர் மட்டும் வேறு மாதிரி பேசினார். "வரும்னு சொல்ல மாட்டேம்மா. அது அதோட இஷ்டம். வந்தா ஆஃப் பண்ணிட்டு சொம்மா குந்திகினு இருக்கலாம். வரலன்னா காத்து வாங்கிகினு வந்துடலாம்" என்றார். அவரிடம் பொறுப்பு முத்திரை உள்ளதா என்று கேட்டேன். விண்ணப்பித்ததாகவும், பயணிகள் விலங்குகளின் அருகில் இருக்கும் புகைப்படங்களை இணைக்கவில்லை என்று தங்கள் பிரிவு திருப்பி அனுப்பிவிட்டதாகவும் சொன்னார். அதாவது, அருகில் போகாதவர் என்று ஒருவருக்குச் சான்று தர வேண்டுமானால், அவர் அருகில் போய் எடுத்த படம் வேண்டும். இந்த விதியை யோசித்து வகுத்தவர் இன்னும் பணியில் இருந்தால் என் வியப்பை அவருக்குத் தெரிவிக்கவும்.

5. அரசு அலுவலகம் ஒன்று முத்திரை தந்திருக்கிறது என்றால் யாரோ போய்ப் பார்த்துத்தான் தந்திருப்பார்கள் என்று நம்பும் வழக்கம் எங்களைப் போன்றவர்களிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது. ஆகவே டில்லிபாபுவை விட்டுவிட்டு, தங்கள் முத்திரை பெற்ற நீலமூச்சு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தேன். அவர்களுடைய இணையப் பக்கத்தில் 'திமிங்கலம் உத்தரவாதம்' என்ற வரியும், அம்முத்திரையின் கீழேயே தங்கள் நிபந்தனைகளும் இருந்தன: விலங்கிடமிருந்து விலகி நிற்க வேண்டும், என்ஜினை அணைக்க வேண்டும், துரத்தக் கூடாது, பல படகுகள் சூழக் கூடாது, இரை போடக் கூடாது, ஒலிபெருக்கி கூடாது. படிக்க மிக நன்றாக இருந்தது. தொலைபேசியில் பேசிய பெண்ணிடம் வால்டர் அண்ணனைப் பற்றிச் சொல்லி, என்ஜினைக் கட்டாயம் நிறுத்துவீர்களா என்று தனியாகக் கேட்டேன். "நம்ம கம்பெனி பேரே நீலமூச்சு மேடம். மூச்சு கேட்காம எப்படி?" என்றார். இந்தப் பதிலில் ரூத்தக்கா மயங்கிவிட்டார். நானும்தான்.

6. பிப்ரவரி பதினைந்தாம் நாள், சனிக்கிழமை காலை, எண்ணூர் முகத்துவாரத்தின் அருகே உள்ள தனியார் படகுத்துறையில் ஏறினோம். வால்டர் அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பூசைக்குப் போடும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். படகின் கூரையில் நான்கு மூலையிலும் ஒலிபெருக்கிகள். நாங்கள் உட்காரும் முன்பே பாட்டு அலறியது. வழிகாட்டி என்று ஒருவர் இருந்தார், பெயர் துரை. சட்டையின் முதுகில் 'கடலை நேசிப்போம்' என்று அச்சிட்டிருந்தது. வால்டர் அண்ணனின் வெள்ளைக் கோலைப் பார்த்துவிட்டு அவர் ரூத்தக்காவிடம் கேட்டது இது: "இன்னாம்மா, கண்ணு தெரியாத பெர்ச இட்டுகினு வந்துகீற? இவுரு இன்னாத்த பாக்கப் போறாரு?" ரூத்தக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. வால்டர் அண்ணன் மட்டும் துரையின் குரல் வந்த பக்கம் திரும்பி, "நீ பாரு நைனா. பாத்துட்டு எனுக்கு சொல்லு" என்றார்.

பிறகு பாதுகாப்பு விளக்கம் என்று ஒன்று நடந்தது. மிதவை உடுப்புகளை மாட்டச் சொன்னார்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அருகில் தொங்கிய சிவப்புக் கயிற்றைக் காட்டி, "ஓட்டுறவன் கடல்ல வுழுந்துட்டா யாரு வேணா இத்த இழுங்க, என்ஜின் நின்னுபூடும்" என்று துரையே எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அன்று காலை அந்நிறுவனம் சொன்னவற்றுள் உண்மை என்று பின்னால் தெரியவந்தது இது ஒன்றே என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

7. முகத்துவாரத்தைத் தாண்டியதும் டால்பின்கள் சில தென்பட்டன. துரை ஒலிவாங்கியில், "அதோ பாருங்க, திமிங்கலக் குட்டி!" என்று கூவினார். பயணிகள் எழுந்து ஒரே பக்கம் ஓட, படகு சாய்ந்தது. அது டால்பின் அல்லவா என்று ஒருவர் கேட்டதற்கு, "குட்டில இப்டித்தான் சார் இருக்கும், வளர்ந்தா தெரியும்" என்று பதில் வந்தது. ஒரு வாளியிலிருந்து மத்தி மீன்களை எடுத்து வீசினார்கள். அந்தக் கலீஜான வாளி நாற்றத்துக்குக் கூட டால்பின்கள் திரும்பிப் பார்க்கவில்லை; தம் வழியில் போயின. படகு அவற்றின் பின்னால் போனது. அவை திசை மாறினால் படகும் திசை மாறியது. இத்தனைக்கும் பாட்டு நிற்கவில்லை. வால்டர் அண்ணன் ரூத்தக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஒரு காதைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தார். நான் துரையிடம் போய் என்ஜினையும் பாட்டையும் நிறுத்தச் சொன்னேன். தொலைபேசியில் உறுதி கொடுத்ததைச் சொன்னேன். "அது ஆபீஸ்ல சொல்றது யக்கா. இது கடலு" என்றார். அவருடைய தத்துவத்தைத் தங்கள் பிரிவு ஏற்கிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

8. காட்டுப்பள்ளிக்கு நேரே, நங்கூரம் போட்ட கப்பல்கள் நிற்கும் இடத்துக்கு இப்பால், உண்மையான திமிங்கலம் வந்தது. முதலில் புகை போல ஒன்று எழுந்தது. பிறகு கருத்த முதுகு, முடிவே இல்லாதது போல, மெல்ல நகர்ந்தது. அதன் பக்கத்தில் சிறிய முதுகு ஒன்று. தாயும் கன்றும் என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. துரை இம்முறை ஒலிவாங்கியில் எதுவும் சொல்லவில்லை. உத்தரவாதம் கொடுத்த நிறுவனத்தின் வழிகாட்டி திமிங்கலத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறார் என்பது அவர் வாய் திறந்திருந்த விதத்தில் தெரிந்தது.

அந்த மரியாதை நெடுநேரம் நீடிக்கவில்லை. துரை கைபேசியில் அந்நிறுவனத்தின் இன்னொரு படகைக் கூப்பிட்டார். "மாமு, உடனே வா, நெஜமாவே கீது!" என்று அவர் கத்தியதைப் படகில் இருந்த அனைவரும் கேட்டோம். இதைவிடத் தெளிவான ஒப்புதல் வாக்குமூலம் தங்களுக்குக் கிடைக்காது. மற்ற படகு எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. இரண்டும் சேர்ந்து நெருக்கின. தாய் மூழ்கியது, கன்றுக்கு அவ்வளவு நேரம் மூழ்கி இருக்க முடியவில்லை, மேலே வந்தது. தாய் ஒரு பக்கமும் கன்று ஒரு பக்கமுமாக எழுந்தபோது மற்ற படகு நடுவில் புகுந்தது. எங்கள் படகு கன்றை நோக்கித் திரும்பி வேகம் எடுத்தது. கன்று எங்கள் முன்னால் ஒரு பக்கம் போகும், உடனே திரும்பி எதிர்ப்பக்கம் போகும், மேலே வந்து அவசரமாக மூச்சுவிடும். தாய் மற்ற படகைச் சுற்றிச் சுற்றி வந்தது. என் பக்கத்திலிருந்த குழந்தை ஒன்று அழத் தொடங்கியது. பெரியவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள்.

நான் எழுந்து ஓட்டுநர் இருக்கையருகே போய் அவரைப் பார்த்துச் சொன்ன சொற்களை அப்படியே தருகிறேன்: "யோவ், நிறுத்துய்யா! தாயயும் புள்ளயும் பிரிச்சிகினு போறியே, உனுக்கு கண்ணு கீதா இல்லியா?" துரை என்னைத் தள்ளி உட்காரவைக்கப் பார்த்தார். "சீன் போடாத யக்கா, குந்து. வந்தவங்க பாக்க வேணாமா?" என்றார். கன்று எங்கள் முன்முனைக்கு நேரே எழுந்தது. நான் கை நீட்டி சிவப்புக் கயிற்றை இழுத்தேன்.

9. துரை சொல்லிக்கொடுத்தபடியே என்ஜின் நின்றது. ஒலிபெருக்கியும் அதோடு நின்றது. எங்களுக்கு ஏதோ விபத்து என்று நினைத்து மற்ற படகுக்காரரும் அணைத்துவிட்டு, "இன்னா ஆச்சி மாமு?" என்று கேட்டார். கயிற்றைத் திரும்ப மாட்டினால்தான் என்ஜின் ஓடும் என்பதால், துரை அதைப் பிடுங்க வந்தார். நான் அதை ஆண்கள் கைவைக்கத் துணியாத இடத்தில், என் ரவிக்கைக்குள் பத்திரப்படுத்தினேன். ரூத்தக்கா எழுந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். அவர் நின்ற விதத்தைப் பார்த்து துரை பின்வாங்கினார். சிலர் என்னைத் திட்டினார்கள். செல்வி ஜஸீமா என்ற பயணி, "உங்களுக்குப் பிடிக்கலன்னா எங்களையும் கெடுப்பீங்களா?" என்று கத்தினார்.

அதன்பிறகு யாரும் பேசவில்லை. பேச வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஐயா. நின்றுபோன படகில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கன்று எங்கள் படகின் முன்னால் மிதந்தது. இரு படகுகளுக்கும் இடையில் வழி இருப்பது அதற்குச் சற்றுப் பொறுத்துத்தான் தெரிந்தது போலும். அது அந்த வழியாகப் போய்த் தாயின் விலாவோடு ஒட்டிக்கொண்டது. தாய் உடனே ஓடவில்லை. எங்களுக்கு மிக அருகில், தானாகவே, மேலே வந்து மூச்சு விட்டது.

வால்டர் அண்ணன் அண்ணாந்தார். அந்த மூச்சின் ஈரம் காற்றில் வந்து அவர் முகத்தில் பட்டது. பிறகு சிறிதாக இன்னொரு மூச்சு. அவர் ரூத்தக்காவின் கையைத் தேடிப் பிடித்து, "ரூத்து, ரெண்டு பேரு கீறாங்க. பக்கத்துல பக்கத்துல கீறாங்க" என்று மெதுவாகச் சொன்னார். அவர் அழுதார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அழுதார். ஜஸீமா கைபேசியைக் கீழே இறக்கிவிட்டதைப் பார்த்தேன். மூச்சுச் சத்தம் தொலைவாகிப் போகும்வரை ஒருவரும் அசையவில்லை. கயிற்றை அதன் பிறகு நானே ஓட்டுநரிடம் கொடுத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

தங்கள் நிபந்தனைகள் அந்தப் பயணத்தில் நிறைவேறியது அந்தச் சிறிது நேரம் மட்டுமே. அந்த நேரத்தைத்தான் தங்கள் குறிப்பாணை 'இடையூறு' என்கிறது.

10. அடுத்த வேலைநாளில் தங்கள் பிரிவைத் தொலைபேசியில் அழைத்துப் புகார் சொன்னேன். பேசியவர், "திமிங்கலம் பார்த்தீங்கல்ல? அப்புறம் என்னம்மா புகார்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லத் தொடங்கும் முன்பே தொலைபேசி வைக்கப்பட்டது. ஆனால் நீலமூச்சு நிறுவனம் என்மீது கொடுத்த புகார் தங்கள் மேசையில் மிகச் சுறுசுறுப்பாக நகர்ந்திருக்கிறது. குறிப்பாணை வந்தது, அதன் நகல் என் துறைக்கும் போனது. இவ்வாண்டு எனக்கு வர வேண்டிய பதவி உயர்வு, இவ்விசாரணை முடியும்வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளதாக என் மேலதிகாரி வருத்தத்துடன் தெரிவித்தார். நேரில் வந்து கேட்டபோது தங்கள் பிரிவின் கண்காணிப்பாளர், "ஒரு மன்னிப்புக் கடிதம் கொடுத்துடுங்கம்மா, முடிச்சிடலாம். எதுக்கு இந்தப் பேஜாரு?" என்று அன்புடன் ஆலோசனை சொன்னார். அவருடைய அன்புக்கு நன்றி. இது அந்தக் கடிதம் அல்ல.

11. என்மீதான குற்றச்சாட்டுகளுக்கு என் விளக்கம்:

நான் இயந்திரத்தைச் சேதப்படுத்தினேன் என்கிறார்கள். நிறுத்துவதற்கென்று வைத்த கயிற்றை இழுத்து நிறுத்துவது சேதம் என்றால், இரவில் விளக்கை அணைக்கும் ஒவ்வொருவரும் மின்சார வாரியத்துக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். அதே என்ஜினில்தான் கரைக்குத் திரும்பினோம்.

பயணிகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்தேன் என்கிறார்கள். அலையில்லாத காலை அது. கப்பல்கள் தொலைவில் நங்கூரத்தில் நின்றன. ரூத்தக்காவைத் தவிர, அமர்ந்திருந்த ஒருவரும் எழவில்லை. எல்லோரும் ஒரே பக்கம் ஓடிப் படகு சாய்ந்தது, துரை டால்பினைத் திமிங்கலமாக்கியபோதுதான்.

தகாத வார்த்தை பேசினேன் என்கிறார்கள். நான் பேசியது எட்டாம் பத்தியில் முழுமையாக உள்ளது. அது வியாசர்பாடித் தமிழ். துரையும் அதே தமிழைத்தான் பேசினார், ஒலிபெருக்கியில் பேசினார். அவர் வாயிலிருந்து வந்தால் உள்ளூர்ச் சுவை என்று விளம்பரம், என் வாயிலிருந்து வந்தால் தகாத வார்த்தையா?

நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் என்கிறார்கள். இதற்கு ஒரு தகவல் மட்டும் சொல்கிறேன். தாயும் கன்றும் சேர்ந்து மூச்சு விடும் காட்சியை அந்நிறுவனம் மற்ற படகிலிருந்து உயரே பறக்கவிட்ட கேமராவில் எடுத்து, இப்போது தன் இணையப் பக்கத்தில் விளம்பரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறது. 'எங்கள் அமைதி, அவற்றின் மூச்சு' என்று அதற்குத் தலைப்பு. அக்காட்சியில் படகு அசையாமல் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று அவர்களிடம் தாங்கள் கேட்க வேண்டும். அந்த விளம்பரத்தின் மூலையிலும் தங்கள் பச்சை முத்திரைதான் சிரிக்கிறது.

12. அன்று என்னைத் திட்டிய செல்வி ஜஸீமா சென்ற வாரம் பெரம்பூரில் என் முகப்பின் முன்னால் வரிசையில் வந்து நின்றார். எந்த ஊருக்குப் பயணச்சீட்டு என்று கேட்டேன். "எங்கயும் இல்லக்கா. நீங்க மாட்டிக்கிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். நான் எடுத்த வீடியோ முழுசா இருக்கு, துரத்தினதும் இருக்கு" என்றார். அப்பதிவை இத்துடன் இணைத்துள்ளேன். அவருடன் ரூத்தக்காவும் வால்டர் அண்ணனும் கீழே கையொப்பம் இட்டுள்ளனர்.

13. ஆகவே, நீலமூச்சு நிறுவனத்தின் முத்திரையைத் திரும்பப் பெற்று, அத்திமிங்கலங்களைத் துரத்தியதற்கு உரிய நடவடிக்கை எடுக்குமாறும், என்மீதான குறிப்பாணையை ரத்து செய்து அதன் நகலை என் துறைக்கும் அனுப்புமாறும் வேண்டுகிறேன். அதை அனுப்பும்போது முதல் நகல் சென்ற அதே வேகத்தைக் காட்டினால் போதும். முத்திரை கேட்பவரின் படகில், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு பயணியாகத் தங்கள் அலுவலர் ஒருவர் சென்றுவந்த பிறகே முத்திரை தரப்பட வேண்டும். அருகில் எடுத்த புகைப்படம் கேட்கும் விதி நீக்கப்பட வேண்டும். டில்லிபாபு போன்றவர்களின் விண்ணப்பங்களை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். திமிங்கலம் வரும் என்று உத்தரவாதம் தருபவர் துரத்தப் போகிறார் என்று பொருள். இந்த ஒரு வரியைத் தங்கள் பிரிவு தன் வாசலில் பொதுமக்களுக்காக எழுதி வைத்தால், என்னைப் போல் தேடி அலைபவர்கள் முத்திரையை எதிர்பார்க்கவே வேண்டியிருக்காது.

14. கடைசியாக ஒன்று. விசாரணைக்குச் சாட்சியாகத் திரு. வால்டரின் பெயரைக் கொடுத்தபோது, தங்கள் கண்காணிப்பாளர் அதை அடித்துவிட்டு, "கண்ணு தெரியாதவர் எப்படிம்மா பார்த்த சாட்சி ஆவார்?" என்று கேட்டார். அன்று படகில் கைபேசித் திரை வழியாகப் பார்க்காமல் இருந்தவர்கள் மிகச் சிலர். அவர்களில் அவர் ஒருவர். என்ஜின் நின்றதும் தனியாகத் தவித்த கன்று மூச்சு விட்ட விதமும், தாயோடு சேர்ந்த பிறகு விட்ட விதமும் வேறு வேறு என்பதை அவர் கேட்டிருக்கிறார். கண்டவர்கள் எவராலும் அதைச் சொல்ல முடியாது. விசாரணை நாளில் அவர் இராயபுரத்திலிருந்து ரூத்தக்காவுடன் தங்கள் அலுவலகத்துக்கு வருவார். அவருடைய சாட்சியத்தை வாய்மொழியாகப் பதிவு செய்ய வேண்டுகிறேன். அவர் மெல்லத்தான் பேசுவார். பேசி முடிக்கும்வரை அறையில் இருப்பவர்கள் வாயைத் திறக்காமல் இருந்தால், தங்களுக்கும் கேட்கும்.

தங்கள் நடவடிக்கையை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
பீ. ரமாபாய்

இடம்: வியாசர்பாடி
நாள்: 03.03.2025

உடன் கையொப்பமிட்டோர்:
ரூத் வால்டர், இராயபுரம்
ஜஸீமா, தண்டையார்பேட்டை
வால்டர், இராயபுரம் (மனைவி விரலால் காட்டிய இடத்தில் அவரே இட்ட கையொப்பம்; சற்றுக் கோணலாக உள்ளது, செல்லத்தக்கது)